சர்க்கரை நோய் வந்த பூனை: எங்கே மிச்சம் பிடிக்கக் கூடாது

பூனைக்குச் சர்க்கரை என்று தெரிந்தவர்கள் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு ஆகும்?" என்றுதான். கொஞ்சம் தயங்கிவிட்டு இரண்டாவதாகக் கேட்பது, "வேற யாராவது எடுத்துக்குவாங்களா?" இரண்டிலும் தப்பில்லை. இந்த மாதிரிப் பூனைகளை வீட்டில் வைத்துத் தேற்றி, தேறியதும் வேறு வீடு பார்த்துக் கொடுப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. வருகிற ஆட்கள் மாறுகிறார்கள், அவர்கள் சிக்கனம் பிடிக்கிற இடம் மட்டும் மாறுவதே இல்லை. நேரத்துக்கு ஊசி போடுங்கள், இன்சுலினை வெயிலில் வைக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை, அது மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளிலேயே இருக்கிறது.

முதல் வாரத்திலேயே முடிவெடுப்பது

நோய் தெரியவரும் வாரம்தான் இருப்பதிலேயே மோசமான வாரம். பூனை கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கும், மண்தட்டை ஊறடிக்கும், எவ்வளவு தின்றாலும் இளைக்கும். சிலதுக்குப் பின்னங்கால் நரம்பு பலவீனமாகி, விரல் ஊன்றி நடக்க வேண்டியது குதிகாலை முழுக்கத் தரையில் வைத்து நடக்கும். இதோடு ஆஸ்பத்திரி பில்லும் கையில் இருக்கும்போது "நம்மால் முடியாது" என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் பில்லில் இருப்பது நோயைக் கண்டுபிடித்த செலவு, மாதாமாதம் ஆகிற செலவு இல்லை. பெரும்பாலான பூனைகளுக்கு ஆரம்ப டோஸ் வேளைக்கு 1 யூனிட், 12 மணி நேர இடைவெளியில் இரண்டு வேளை. அதாவது மாதத்துக்கு 60 யூனிட். மனிதர்களுக்கான கிளார்ஜின் இன்சுலின் 10 மில்லி குப்பியில் 1000 யூனிட் இருக்கிறது, அதில் பெரும்பகுதி பயன்படாமலே வீணாகப் போகும். அதே மருந்து 3 மில்லி கார்ட்ரிட்ஜாகவும் கிடைக்கிறது, அதில் 300 யூனிட். சிறிய அளவில் எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டாலே செலவு இறங்கிவிடும், ஆனால் முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை.

இன்னொன்று. பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் நம்முடைய இரண்டாம் வகைச் சர்க்கரையைப் போன்றது. சீக்கிரம் ஆரம்பித்து, மாவுச்சத்துக் குறைந்த உணவும் கொடுத்து, முதல் சில மாதங்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் ஒரு பகுதிப் பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலை வருகிறது. எல்லாவற்றுக்கும் வராது. ஆனால் நோய் தெரிந்த வாரத்திலேயே தூக்கிக் கொடுத்துவிட்டால், வரவேண்டியதும் இட மாற்றத்திலும் தாமதத்திலும் கெட்டுப்போகும்.

மாத்திரை போதும் என்று நம்புவது

ஊசி வேண்டாத மருந்துகள் வந்திருப்பது உண்மைதான். அமெரிக்காவில் 2022-ல் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும், 2023-ல் வெலாகிளிஃப்ளோசின் என்ற வாய்வழித் திரவத்துக்கும் பூனைகளுக்கென்றே அனுமதி கொடுத்தார்கள். ஆனால் அங்கே இரண்டும் இதுவரை இன்சுலின் போடாத பூனைகளுக்கு மட்டும். இந்த மருந்தில் இருக்கும்போது சர்க்கரை அளவு நன்றாக இருப்பதாகக் காட்டிக்கொண்டே கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகிற அமிலப் பொருள்) ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம், அதனால் ரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் கட்டாயம். ஊசிக்குப் பயந்து இதற்குத் தாவுகிறவர்கள்தான் அந்தக் கண்காணிப்பையும் விடுகிறார்கள்.

ஒரே ஒரு எண்ணைப் பார்த்து டோஸை ஏற்றுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்குவதில்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும்.

ஒருவருடைய பூனை, நல்ல பெரிய ஆண் பூனை, கருத்தடை செய்தது, இந்த நோய் அதிகம் வருகிற ரகம். 1 யூனிட்டில் ஆரம்பித்தார்கள். வாரம் ஒருமுறை கூடையில் அடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார், அங்கே நாய்கள் குரைக்கிற கூடத்தில் காத்திருப்பார், ரத்தம் எடுப்பார்கள், 420 என்று வரும். டோஸ் 2 ஆகும். அடுத்த வாரம் 400. டோஸ் 3. அப்புறம் 4, அப்புறம் 5. வீட்டிலோ பூனை எந்நேரமும் பசி பசி என்று கத்துகிறது, தின்றதும் சுருண்டு படுத்துவிடுகிறது. "சர்க்கரை இறங்கவே மாட்டேங்குது, அதான் இவ்வளவு பசி" என்று என்னிடம் போனில் சொன்னார். வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். "அது வேற எதுக்குங்க அனாவசியச் செலவு, வாரா வாரம் அவங்களே பாக்குறாங்களே" என்றார்.

ஒரு நாள் நள்ளிரவுக்குப் பிறகு கட்டிலுக்கு அடியில் சத்தம் கேட்டுப் பார்த்தால் பூனை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருக்கிறது, அடியில் மூத்திரம் நனைத்திருக்கிறது. அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே பார்த்தபோது சர்க்கரை 30-ஐக்கூடத் தொடவில்லை. குளுக்கோஸ் ஏற்றி நாள் கணக்கில் உள்ளேயே வைத்திருந்தார்கள். பூனை பிழைத்துக்கொண்டது. வந்த பில்லில் பல மாதத்துக்கு ஸ்ட்ரிப் வாங்கியிருக்கலாம், மீட்டரையும் சேர்த்து.

என்ன நடந்தது? பூனை பயந்தால் சர்க்கரை ஏறும். நோயே இல்லாத பூனைக்குக்கூட ஆஸ்பத்திரிக் கூண்டில் 300-ஐத் தாண்டிக் காட்டலாம். அந்த 420-ல் எவ்வளவு நோய், எவ்வளவு பயம் என்று அந்த ஒரு எண்ணை வைத்துச் சொல்லவே முடியாது. வீட்டிலேயே பார்த்தாலும் ஊசி போடப்போகும் நேரத்தில் மட்டும் பார்ப்பது பாதிக் கதைதான். முந்தைய ஊசியின் வேகம் தேய்ந்துபோய் சர்க்கரை உச்சத்தில் இருக்கிற நேரம் அது. நமக்குத் தெரிய வேண்டியது உச்சம் இல்லை, அடி. ஊசி போட்டு நான்கிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள், பெரும்பாலும் நடுவில் எங்கேயோ, சர்க்கரை இருப்பதிலேயே கீழே இறங்கும். அந்த அடிமட்டம் 80-க்கும் 150-க்கும் நடுவில் நின்றால் டோஸ் சரி, ஊசி நேரத்தில் 350 காட்டினாலும் ஏற்றக் கூடாது. 80-க்குக் கீழே போனால் டோஸைக் குறைக்க வேண்டும். மில்லிமோல் கணக்கில் பார்ப்பவர்கள் இந்த எண்களை 18-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

இவர் வீட்டில் நடந்தது இதுதான். பகல் முழுக்கப் பூனையின் சர்க்கரை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது, அந்தப் பசிக் கத்தல் அதனால் வந்தது, அதை நோயின் பசி என்று படித்துக்கொண்டு மேலே மேலே ஏற்றியிருக்கிறார்கள். மறுபடி 1 யூனிட்டிலிருந்து ஆரம்பித்து, வீட்டில் வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 12 மணி நேரம் பார்த்தபோது ஆறாவது மணியில் 95. இத்தனைக்கும் அந்தப் பூனைக்கு அந்த 1 யூனிட்டே போதுமாக இருந்தது.

காதில் குத்துவது கொடுமை என்பவர்களுக்கு: வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் காதில் கொஞ்ச நேரம் வையுங்கள். காது ஓரமாக ஒரு ரத்தக்குழாய் ஓடும், அதற்கும் விளிம்புக்கும் நடுவே குத்துங்கள், பின்பக்கம் மடித்த பஞ்சு முட்டுக்கொடுத்து. பெட்ரோலியம் ஜெல்லி லேசாகத் தடவியிருந்தால் ரத்தம் முடியில் பரவாமல் முத்து மாதிரி நிற்கும், கடுகளவு இருந்தால் போதும். குத்தியதும் விளிம்பை அழுத்திப் பிடித்துவிட்டு, பிடித்த தின்பண்டம் ஒரு துண்டு. மாவு இல்லாத உலர்ந்த இறைச்சியாக இருக்கட்டும். கொஞ்ச நாளில் மீட்டர் 'பீப்' என்றதும் பூனை தானே மடியில் வந்து ஏறுவதைப் பார்க்கலாம். குத்தவே முடியாது என்பவர்களுக்கு 14 நாள் உடம்பில் ஒட்டி வைக்கிற சென்சார்கள் இருக்கின்றன, சில பூனைகள் அதற்கு முன்பே பிய்த்துவிடும்.

மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் கொஞ்சம் குறைத்துக் காட்டும். பரவாயில்லை, எப்போதும் அதே மீட்டரில் பாருங்கள், எந்த மீட்டர் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டோஸை ஏற்றுவதானால் அவரிடம் கேட்டு, ஒரு வாரமாவது விட்டு, அரை யூனிட் அரை யூனிட்டாக. ஊசி நேரத்தில் 200-க்குக் கீழே இருந்தால், புதியவர்கள் போடாமல் முதலில் அவரைக் கூப்பிடுங்கள். ஒரு வேளை ஊசி தவறினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஒரு வேளை கூடினால் உயிர் போகலாம்.

தள்ளாட்டம், நடுக்கம், திடீர்ப் பசி, வெறித்த பார்வை என்று எது தெரிந்தாலும் முதலில் சாப்பிட வையுங்கள். சாப்பிட முடியாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ ஈறில் தடவிவிட்டுக் கிளம்புங்கள். வலிப்பில் இருக்கும்போது வாய்க்குள் விரலை விடாதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள்.

சிரிஞ்சை மாற்றி வாங்குவது

பூனைகளுக்கான இன்சுலின்களில் கேனின்சுலின், ப்ரோசிங்க் போன்றவை யூ-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். லான்டஸ் போன்ற மனித இன்சுலின் யூ-100. சிரிஞ்சும் அதற்கேற்ற மாதிரி தனித்தனி. யூ-100 மருந்தை யூ-40 சிரிஞ்சில் 2 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 5 யூனிட். தலைகீழாகச் செய்தால் 0.8 யூனிட்தான் போகும், "இன்சுலின் வேலையே செய்யல" என்று இன்னொரு ரகத்துக்கு மாற்றுவார்கள். டூஜியோவும் கிளார்ஜின்தான், ஆனால் யூ-300, பெயரைப் பார்த்து லான்டஸுக்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். குப்பியில் இருக்கிற எண்ணும் சிரிஞ்ச் பாக்கெட்டில் இருக்கிற எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். முடிந்தால் அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்ச் வாங்குங்கள்.

ஊசி முடியில் போய்விட்டது

இன்னொன்று போடாதீர்கள். அடுத்த வேளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

உணவை மாற்றிவிட்டு டோஸை அப்படியே விடுவது

மருத்துவ உணவு என்று அச்சடித்த டப்பாதான் வேண்டும் என்றில்லை, சாதாரண ஈர உணவிலேயே மாவுச்சத்துக் குறைந்தது இருக்கிறது. கணக்கு சுலபம். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் எல்லாவற்றையும் கூட்டி 100-லிருந்து கழித்தால் வருவது மாவுச்சத்து. ஒரு ஈர உணவில் புரதம் 11, கொழுப்பு 6, நார் 1, ஈரம் 78, சாம்பல் 2 என்றால் மிச்சம் 2. புரதத்தையும் மாவையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிப் பார்த்தால், மொத்தக் கலோரியில் மாவின் பங்கு சுமார் 7 சதவீதம். அதே கணக்கை ஓர் உலர் உணவுக்குப் போடுங்கள்: புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8. மாவு 34, கலோரியில் 36 சதவீதம். 10 சதவீதத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ இருப்பதைத் தேடுங்கள். குழம்பாக இருக்கிற ரகங்களில் கெட்டியாக்க மாவு சேர்ப்பார்கள், அரைத்த விழுதாக இருப்பது பெரும்பாலும் மேல்.

சரி, நல்ல உணவு கிடைத்துவிட்டது. அடுத்த நாளே மொத்தமாக மாற்றிவிட்டு ஊசியைப் பழைய அளவிலேயே போடுவார்கள். மாவு இறங்கினால் சில நாளிலேயே இன்சுலின் தேவையும் இறங்கும், பூனை சுருண்டு விழும். டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி, தினமும் சர்க்கரை பார்த்துக்கொண்டே படிப்படியாக மாற்றுங்கள்.

மூலிகைப் பொடி

வேண்டாம்.

வேறு காரணத்தைத் தேடாமல் விடுவது

டோஸ் ஏறிக்கொண்டே போகிறது, அடிமட்டமும் இறங்கவில்லை என்றால் பல் நோய், ஈறு வீக்கம், மூத்திரத் தொற்று ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அதுவே சர்க்கரையைக் கிளப்பும். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரக்கிற பூனைகளும் உண்டு, அவை எத்தனை யூனிட் போட்டாலும் விழுங்கிவிடும்.

மறைத்து, அவசரமாகத் தத்துக் கொடுப்பது

எல்லாம் பார்த்தும் முடியவில்லை என்றால் வேறு வீடு பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் "லேசா சர்க்கரை, மத்தபடி நல்லா இருக்கு" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்த பூனை ஒன்று, மூன்றாவது வீட்டிலிருந்து என்னிடம் வந்தது. முதல் வீட்டுக்காரர் மருந்துக் குப்பியை மட்டும் பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார், அடுத்தவர் கைக்குக் கிடைத்த சிரிஞ்சை வாங்கியிருக்கிறார். மேலே சொன்ன 0.8 கணக்கு அங்கே நடந்தது. வந்தபோது எலும்பும் தோலும்.

முதலில், எடுத்துக்கொள்பவர் உங்கள் கண் முன்னால் ஊசி போட வேண்டும், ஒரு தடவை இல்லை, கை நடுங்காமல் போடும் வரை. சர்க்கரை எழுதி வைத்த நோட்டு, புதிய இன்சுலின், பொருத்தமான சிரிஞ்ச் கட்டு, மீட்டர், பழகிய உணவு இதெல்லாம் பூனையோடு போகட்டும். ஆதாயம் பார்த்து மீட்டரை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மாதச் செலவு எவ்வளவு என்பதையும் குறைத்துச் சொல்லாதீர்கள், இரண்டாவது மாதத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

புது இடத்தில் முதல் சில நாள் பூனை ஒளிந்துகொண்டு சாப்பிடாமல் இருக்கலாம். சாப்பிடாத பூனைக்கு முழு டோஸ் போடக் கூடாது, மொத்தமாக நிறுத்திவிட்டு நாள் கணக்கில் இருக்கவும் கூடாது, அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும். மூத்திரத்தில் கீட்டோன் பார்க்கும் பட்டையையும் பையில் வைத்துவிடுங்கள். அது நிறம் மாறி, கூடவே வாந்தியும் சோர்வும் இருந்தால் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில், உங்கள் டாக்டரின் எண்ணுக்கு மேலே எழுதிக் கொடுங்கள். சரிப்படவில்லை என்றால் பூனையை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். அதை எழுதக் கை வரவில்லை என்றால் ஆள் பார்ப்பதை இன்னும் சில நாள் தள்ளிப்போடுங்கள்.