டர்பன் கொள்ளுத்தாத்தாவுக்கு எந்த ஊர்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வரும் சொந்தக்காரர் "எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு மெட்ராஸ்தான் ஊர்" என்று சொன்னால் அதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். மெட்ராஸ் அவர் கப்பல் ஏறிய இடம், அவ்வளவுதான். 1860 அக்டோபரில் ட்ரூரோ கப்பல் இங்கிருந்து கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அதில் பெரும்பகுதி மெட்ராஸ் வழியாகப் போனவர்கள், எல்லோருமா மெட்ராஸ்காரர்கள்?

முதலில் ஊரைத் தேடாதீர்கள், நம்பரைத் தேடுங்கள். அங்கே இறங்கிய ஒப்பந்தக் கூலி ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள், கொலோனியல் நம்பர் என்பார்கள். பழைய திருமணப் பதிவு, ஒப்பந்தம் முடிந்ததற்கான சான்று, பாட்டியின் டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் ஆளைப் பிடித்துவிடலாம்; குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி லுதுலி ஆவண மையத்தில் பட்டியல்கள் இருக்கின்றன. கைக்காசில் டிக்கெட் எடுத்துப் போன வியாபாரிகள் மட்டும் இதில் இருக்க மாட்டார்கள்.

எண் இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் முனியம்மாக்களும் வீராசாமிகளும் வரிசையாக வந்து நிற்பார்கள். அப்பா பெயர் ஒத்துப்போகிறதா பாருங்கள். வயதை நம்பாதீர்கள், அது குமாஸ்தா கண்ணால் பார்த்துப் போட்டதாகவும் இருக்கலாம். மனைவி, பிள்ளைகளோடு போயிருந்தால் எண்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து வரும், என் கணக்கில் இதைவிட நல்ல சாட்சி இல்லை. உயரமும் தழும்பும்கூட எழுதியிருப்பார்கள். முழங்காலில் தழும்பு என்று ஒரு வரியைப் படிக்கும்போது, போட்டோவே இல்லாத மனிதர் திடீரென்று எதிரில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

அப்புறம்தான் ஊர். ஜில்லா, தாலுகா, கிராமம் மூன்றும் சேர்ந்தால்தான் அது ஊர். புதூரும் நல்லூரும் இல்லாத தாலுகா ஏது? காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியதால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிப் போயிருக்கும், அதனால் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வட ஆற்காடு என்று இருந்தால் இன்றைய வேலூரோடு நிற்காதீர்கள், திருவண்ணாமலை, ராணிப்பேட்டைப் பக்கமும் தேட வேண்டும். 1911-இல்தான் வட ஆற்காட்டின் ஒரு பகுதியும் பிரிந்து சேர்ந்து சித்தூர் தனி ஜில்லா ஆனது, ஆகவே ஊர் ஆந்திராவிலும் இருக்கலாம்.

கோவெண்டர், நாயுடு, பிள்ளை என்ற குடும்பப் பெயரை ஆதாரமாக நீட்டாதீர்கள், பட்டியலில் சாதி என்ற இடத்தில் வேறு எழுதியிருப்பது சாதாரணம். குலதெய்வமும் அப்படித்தான், மாரியம்மன் என்றால் ஒன்றும் நிரூபணமாகாது, ஒரே ஒரு கிராமத்துக் காவல் தெய்வத்தின் பெயர் என்றால் சரி, பிடி கிடைத்தது.

கிராமத்துக்குப் போனதும் பெயரை முதலில் சொல்லிவிடாதீர்கள், சொன்னால் திண்ணையில் இருக்கிற எல்லோரும் "எங்க தாத்தாவோட தம்பிதான்" என்பார்கள், பாசத்தில்தான். அவர்களைப் பேசவிட்டு, அக்கரைக்குப் போய்த் திரும்பாதவர் யாராவது உண்டா என்று மட்டும் கேளுங்கள். பழைய நிலப் பதிவேடுகளை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் நிலமே இல்லாமல் போனவரின் பெயர் பட்டாவில் எங்கே இருக்கும்? கிராமம் வரை உறுதியாகி வீடு தெரியவில்லை என்றால், கிராமத்தைப் பேனாவால் எழுதி, வீட்டுக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.