புதிய மிகுபுனைவு நாவல்களைப் பற்றி ஒளிக்காமல் அபிப்பிராயம் எழுதுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் புதிய ஆங்கில மிகுபுனைவு நாவல் (fantasy, மாயமும் கற்பனை உலகங்களும் கொண்ட கதை) ஒன்றை வாசிக்க விரும்புபவர் பெரும்பாலும் அதைக் கொழும்பிலிருந்து தருவிக்க வேண்டியிருக்கிறது. வந்து சேரும் ஒரே பிரதி நான்கைந்து வீடுகளைச் சுற்றிய பின்னரே உரியவரின் அலுமாரிக்குத் திரும்புகிறது. ஆகவே இங்கு ஒருவர் எழுதும் அபிப்பிராயத்துக்கு நடைமுறைப் பயன் உண்டு. தன் காசையும் ஒரு மாத இரவுகளையும் அந்தப் புத்தகத்துக்குக் கொடுப்பதா என்று அடுத்தவர் அதைப் பார்த்தே தீர்மானிக்கிறார். "அருமையான படைப்பு, அனைவரும் வாசிக்க வேண்டும்" என்ற வரி அவருக்கு எதையும் சொல்வதில்லை. "சுத்த அறுவை" என்பதும் அப்படித்தான். உங்கள் இரசனையோடு சற்றும் உடன்படாதவர்கூட உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு, இது தனக்கு ஏற்ற புத்தகமா என்று கண்டுகொள்ள முடிய வேண்டும். அப்படி எழுதுவதற்கு நான் கைக்கொள்ளும் முறையை, 2020 முதல் வெளிவந்த சில நாவல்களை வைத்து இங்கு விளக்குகிறேன்.

வேலை வாசிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. இரவல் புத்தகத்தில் கோடு கீற முடியாது என்பதால் ஒரு துண்டுத்தாளைப் பக்கங்களுக்கிடையில் வைத்திருங்கள். மூன்று வகையான இடங்களை மட்டும் அதில் குறித்தால் போதும்: மகிழ்ந்து திரும்ப வாசித்த இடம், பொறுமையிழந்து பக்கங்களைத் தள்ளிய இடம், நம்ப முடியாமற்போன இடம். பக்க எண்ணும் ஐந்தாறு சொற்களும் போதுமானவை. வாசித்து முடித்த பிறகு நினைவிலிருந்து எழுதுபவர்கள் முடிவு தந்த உணர்ச்சியையே முழுப் புத்தகத்தின் மீதும் பூசிவிடுகிறார்கள். தாள் அதைத் தடுக்கிறது.

பின்னட்டைப் புகழுரைகளையும் விருதுப் பட்டியலையும் கடைசிவரை பார்க்காதிருப்பது நல்லது. ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' 2022இல் வெளிவந்து, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் வழங்கப்படும் நெபியூலா விருதைச் சிறந்த நாவலுக்காகப் பெற்றது. 1830களின் ஒக்ஸ்ஃபோர்டில், வெள்ளிக் கட்டிகளில் இரு மொழிச் சொற்களைப் பொறித்து, அவற்றுக்கிடையே மொழிபெயர்ப்பில் தவறிப்போகும் பொருளிலிருந்து ஆற்றலை எடுக்கிறார்கள்; ஒரு பேரரசே அந்த ஆற்றலில் ஓடுகிறது. இவ்வளவு நல்ல கற்பனையை அண்மையில் நான் வேறெங்கும் காணவில்லை. அதே வேளை, ஓர் அநீதியைக் காட்சியில் காட்டிவிட்டு, அதையே ஒரு பாத்திரத்தின் வாயால் சொல்லவைத்து, பின்னர் அடிக்குறிப்பிலும் விளக்கும் பழக்கம் அந்நூலில் இருக்கிறது. வாசகர் விளங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை ஆசிரியருக்கு இல்லை என்றே எனக்குப் பட்டது. விருது பெற்ற நூல் என்பதற்காக இதை மென்று விழுங்க வேண்டியதில்லை. குறை கண்டுவிட்டோம் என்பதற்காக, மாணவ வாழ்க்கையைச் சொல்லும் முற்பகுதி உறங்கவிடாமல் வாசிக்கவைத்தது என்பதை மறைக்கவும் வேண்டியதில்லை.

அடுத்து, நாவல் தொடக்கத்தில் எதை வாக்களித்தது என்று ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ரொபர்ட் ஜாக்சன் பெனட்டின் 'த டெயின்டட் கப்' (2024இல் வெளிவந்து, அதே வகை நூல்களுக்கான ஹியூகோ விருதை 2025இல் பெற்றது) ஒரு மாளிகையில் தொடங்குகிறது: உயரதிகாரி ஒருவர் தன் உடலுக்குள்ளிருந்தே முளைத்தெழுந்த மரத்தால் இறந்து கிடக்கிறார். கண்டதையெல்லாம் மறவாமல் பதித்துவைக்கும் இளம் உதவியாளன் டின் அதைப் பார்வையிடுகிறான். கண்களைத் துணியால் கட்டிக்கொண்டிருக்கும் ஆனா என்ற அவனது மேலதிகாரி, அவன் சொல்வதைக் கேட்டே துப்புத் துலக்குகிறார். துப்பறியும் கதைதான் இங்கு வாக்களிக்கப்பட்டது. எனவே முதற்கேள்வி, விடைக்கு வேண்டிய தடயங்கள் நம் கண்முன்னே வைக்கப்பட்டனவா என்பதாகும். முதல் அத்தியாயங்களைத் திரும்பப் புரட்டிப் பார்த்தால், அவை நேர்மையாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. தத்துவ ஆழம் இல்லை என்று இந்நூலைக் குறை கூறுவது அநியாயம். கடற்சுவருக்கு அப்பாலிருந்து ஆண்டுதோறும் வரும் பெருவிலங்குகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம், ஆனால் அவை பெரும்பாலும் தொலைவிலேயே நிற்கின்றன என்று கூறுவது நியாயமான குறை. அது அடுத்த பாகத்துக்கென்று எடுத்துவைத்த சரக்காகவே எனக்குத் தோன்றியது. அதை அடக்கம் என்று பாராட்டுபவர்களும் இருப்பார்கள். இரண்டையும் எழுதினால் வாசிப்பவர் தன் பக்கத்தைத் தேர்ந்துகொள்வார்.

மாயத்தின் விதிகளைப் பற்றி எழுதும்போது எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். குதிரைமுகத்தோடிருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அழகிய முகம் பெற்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நீர் எப்படி அதைச் செய்தது என்று எங்கள் ஆச்சிமார் எவரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் கதை நின்றிருக்கும். சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' (2020) அந்த வழியில் நடக்கிறது. முடிவற்ற மண்டபங்களும் சிலைகளும் கொண்ட ஒரு வீடு. கீழ்மண்டபங்களில் கடல் பெருகி வற்றுகிறது. அங்கே வாழும் மனிதன், அல்பட்ரோஸ் பறவை வந்த ஆண்டு என்று காலத்தைக் கணக்கிட்டுக் குறிப்பேடு எழுதுகிறான். 300 பக்கங்களுக்கும் குறைவான அந்நூலில் ஒரு மண்டபம்கூட வீணாக இல்லை, பிற்பகுதியில் வரும் விளக்கங்கள் மட்டும் அந்த வீட்டின் அளவுக்குச் சற்றுச் சிறியவையாக இருக்கின்றன. பிரண்டன் சாண்டர்சனின் 'விண்ட் அண்ட் ட்ரூத்' (2024 டிசெம்பர்) இதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது: பத்து நாட்களின் கதை, 1,300 பக்கங்களுக்கு மேல், எந்த ஆற்றல் எதற்குச் செல்லும் என்பதெல்லாம் கடைக்காரரின் கணக்குக் கொப்பி போல வரவு செலவோடு. விதி இல்லை என்று முன்னதையும், விதி மிஞ்சிவிட்டது என்று பின்னதையும் கண்டிப்பதில் பொருளில்லை. தானே வகுத்த விதியை, நாயகன் இக்கட்டில் மாட்டிய நேரத்தில் நாவல் மீறுகிறதா என்பதை மட்டும் சோதியுங்கள். தப்பிக்க உதவிய வழி அதற்கு முன்னர் எங்கே சொல்லப்பட்டது என்று பக்க எண்ணோடு காட்ட முடியாவிட்டால், அதை அப்படியே எழுதிவிடலாம். சாண்டர்சனின் நூல் வரிசையில் ஐந்தாவது என்பதால், முந்திய நான்கையும் வாசித்தீர்களா என்பதையும் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்களுக்கு மிகவும் சிக்கலாக இருப்பவை இந்த நாட்டைப் பற்றிய நாவல்கள்தான். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர எழுதிய 'த செயின்ட் ஒஃப் பிரைட் டோர்ஸ்' (2023) நெபியூலா விருது பெற்றது. பிறந்த கணமே தாய் ஒரு பித்தளை ஆணியால் நிழலை அறைந்து பிய்த்தெடுத்துவிட்ட ஃபெட்டர் என்பவனின் கதை அது; மதத்தலைவரான தன் தகப்பனைக் கொல்வதற்காக வளர்க்கப்பட்ட அவன், லூரியட் என்ற நகரத்துக்கு வந்து சேர்கிறான். பௌத்த மரபுக்கதைகளின் சாயலும், மக்களை இனம் பிரித்து எழுதும் அரசும், கும்பல் வன்முறையும், அடைத்துவைக்கும் முகாம்களும் அதில் வருகின்றன. நாட்டின் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. எங்களுக்குச் சொல்லவும் தேவையில்லை. அபாயமும் அங்கேதான் இருக்கிறது. முகாம் என்ற சொல்லைக் கண்டவுடன் எங்கள் நெஞ்சில் எழுவது முழுவதும் ஆசிரியரின் எழுத்து செய்த வேலை அன்று. அதில் பெரும்பங்கு நாங்கள் கொண்டுபோனது. ஆகவே அந்த அத்தியாயங்களைப் பற்றி எழுதும்போது தாளை நடுவில் மடித்து, பக்கத்தில் உண்மையாக எழுதப்பட்டிருப்பதை ஒருபுறமும், உங்களிடம் ஏற்கனவே இருந்ததை மறுபுறமும் குறியுங்கள். நான் அவ்வாறு செய்தபோது, முகாமிலிருந்து முகாமுக்கு ஃபெட்டர் அலையும் பகுதியில் முதற்புறம் நிறையவே இருந்தது: எல்லையே புலப்படாத அந்த இடம், அங்கிருந்து வெளியேறும் வழி யாருக்குமே தெரியாத அந்த நிலை, அவை எழுத்தில் இருக்கின்றன. அலைச்சல் வேண்டுமென்றே நீட்டப்பட்டது என்பது விளங்குகிறது; இருந்தும் நடுவில் கதை நின்றுபோகிறது, அங்கே பக்கங்களைத் தள்ளினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா' 2022இல் புக்கர் பரிசு பெற்றது. இறந்துபோன புகைப்படக்காரன் ஒருவன், ஏழு நிலவுகள் முடிவதற்குள் தன்னைக் கொன்றது யார் என்று 1990இன் கொழும்பில் தேடுகிறான். மறுவுலகத்தின் வாசல், வரிசை நகராத அரசாங்கக் கந்தோர் ஒன்றைப் போல இருப்பது மிகச் சிறந்த கேலி. இந்நாட்டு இயக்கங்கள், கட்சிகள், படைகளின் சுருக்கப் பெயர்களை வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவருக்கு விளக்கும் பட்டியல் ஒன்று அதில் வருகிறது. வெளிநாட்டு வாசகர் அதைச் சிரித்துக்கொண்டே வாசிக்கலாம். அந்தப் பெயர்களோடு வளர்ந்தவருக்கு அப்பக்கம் வேறுவிதமாக ஒலிக்கும். அந்த வேறுபாட்டை எழுதுவது எங்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை, இலண்டன் பத்திரிகை விமர்சனத்தில் அது கிடைக்காது. அதற்காக அதை நூலின் குறையாகப் பதிவு செய்துவிடக் கூடாது. யாருக்குக் காட்டப்பட்ட பக்கம் என்பதைச் சொன்னால் போதும்.

இனி எழுதும் முறை. "பாத்திரங்கள் உயிரோட்டமாக இல்லை" என்று எழுதியிருந்தால், அந்த வரியை வேறு எந்த நாவலின் பெயருக்குக் கீழும் ஒட்டிவிடலாம் என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பதிலாக, "டின் காதல்வயப்படும் இடம் அவசரமாக வருகிறது, மரம் முளைத்த உடலை அவ்வளவு பொறுமையோடு பார்த்தவன், இங்கே இரண்டு பார்வைகளில் முடித்துவிடுகிறான்" என்று எழுதினால், உடன்படாதவர் அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு உங்களை மறுக்க முடியும்.

கதையை எவ்வளவு வெளியிடலாம் என்பதற்கு, முதல் மூன்றிலொரு பங்கைத் தாண்டாதிருப்பது நல்ல எல்லை. அதற்கப்பால் நடப்பதைத் தொட நேர்ந்தால், நிகழ்ச்சியை விட்டுவிட்டு அதன் விளைவை மட்டும் எழுதலாம். சந்திரசேகரவின் நாவலில் கதையைச் சொல்வது யார் என்பது பிற்பகுதியிலேயே தெரியவருகிறது. "பிற்பகுதியில் கதைசொல்லும் குரல் மாறுவதைக் கண்டு முதல் அத்தியாயத்துக்குத் திரும்பினேன்" என்பது போதும்.

பாதியில் கைவிட்ட நூலைப் பற்றியும் எழுதலாம், எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், ஏன் என்பதைக் குறிப்பிட்டால். ஆங்கிலம் கடினமாக இருந்தது என்றால் அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். உங்களிடம் புத்தகத்தை இரவல் கேட்கப்போகிறவருக்கு நாவலின் கருப்பொருளைவிட அந்தத் தகவலே முதலில் தேவைப்படும்.