பாய்லர் மாட்ட வருபவரின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

பிரிட்டனில் வீட்டுக்குப் புது கேஸ் பாய்லர் (வீட்டுக்கு வெந்நீரும் வெப்பமும் தரும் கருவி) போடுகிறீர்களா? வேலைக்கு வருபவரிடம் 'கேஸ் சேஃப்' (கேஸ் வேலை செய்பவர்களுக்கான அதிகாரப்பூர்வப் பதிவேடு) அடையாள அட்டையைக் கேளுங்கள். முன்பக்கப் புகைப்படத்தைப் பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். அவர் எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும். கேஸ் அடுப்பு மாட்டத் தகுதியுள்ள எல்லாரும் பாய்லர் மாட்டிவிட முடியாது.

வேலை முடிந்ததும், பாய்லர் கையேட்டில் உள்ள, சரியாகப் பொருத்திச் சோதித்ததைப் பதியும் 'பெஞ்ச்மார்க்' படிவத்தை அவர் நிரப்பிக் கையெழுத்திட்டாரா என்று பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸில் என்றால், அப்புறம் சில வாரங்களில், வேலை கட்டட விதிகளின்படி நடந்தது என்று காட்டும் கட்டட விதிச் சான்றிதழ் வரும். அதைப் பத்திரமாக வையுங்கள், வீட்டை விற்கும்போது வக்கீல் கேட்பார்.

சரி, காப்பீடு? புது பாய்லருக்குத் தயாரிப்பாளரின் வாரண்டி பல வருடங்களுக்கு இருக்கும். அதே காலத்துக்குப் பாய்லருக்கென்று தனிக் காப்பீடு எடுப்பது பெரும்பாலும் வீண் செலவு என்பேன். ஆனால் வருடாந்தர சர்வீஸைத் தவறவிட்டால் அந்த வாரண்டியே செல்லாமல் போகலாம். ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

வாரண்டி முடிந்தபின் காப்பீடு எடுத்தால், குழாய்களுக்குள் சேரும் துருச் சேறும் சுண்ணாம்புப் படிவும் அடைத்து வரும் பழுதுக்குப் பணம் உண்டா என்று படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் கிடையாது. லண்டன் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும்.

பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வையுங்கள். அந்த விஷ வாயுவுக்கு வாசனையே இல்லை.