மதிய ஷிஃப்டுக்கு ஏற்றபடி ஒரு நாள்

மதியம் 2 மணிக்குத் தொடங்கி இரவு 11 வரை வீட்டிலிருந்தே கணக்கு வேலை. இந்த ஷிஃப்டில் முதலில் குலைவது சாப்பாடுதான். வேலை முடிந்து சாப்பிட்டுப் படுத்தால் நெஞ்சு எரியும், தூக்கம் கெடும், காலையில் பசி எடுக்காது.

இப்போது முழுச் சாப்பாடு 1 மணிக்கே: சோறு, குழம்பு, ஒரு பொரியல். இரவு 7.30 இடைவேளையில் இட்லி அல்லது தோசை. மாவு எப்போதும் ஃபிரிட்ஜில் இருக்கும். 11 மணிக்கு ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். நெஞ்செரிச்சல் நின்றுவிட்டது.

செய்திதான் பெரும்பாடு. போனில் நிமிடத்துக்கொரு பிரேக்கிங் நியூஸ். படித்தது மனதிலும் தங்காது, வேலையும் ஓடாது. வழி அப்பாவிடம் இருந்தது. இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை கேட்பார், முடிந்ததும் ரேடியோவை அணைத்துவிடுவார். 1941இல் தொடங்கிய அந்த வானொலிச் சேவை 2017 ஏப்ரலில் நின்றுபோனது எனக்கு இன்னும் வருத்தம். அந்த ஒழுங்கைக் காலைக்குக் கொண்டுவந்தேன். நோட்டிஃபிகேஷன்களை அணைத்துவிட்டு, காபியோடு ஆகாசவாணி மாநிலச் செய்திகள், பிறகு நாளிதழ். பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் இரைச்சலில்லாமல் கேட்கிறது.

பேச்சு, நேர்காணல் எல்லாம் காய் நறுக்கும்போது மட்டும். இன்வாய்ஸ் சரிபார்க்கும்போது நாகஸ்வரம் அல்லது வீணை. சொற்கள் இல்லாததால் எண்களோடு மோதுவதில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் அதுவும் கிடையாது. அப்போதும் 7.30 இடைவேளையை விட்டுக்கொடுப்பதில்லை. டீமில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.