புது ஏரியில் கெண்டை: இடம் பார்ப்பதும் இரை தேர்வதும்

புது ஏரிக்குப் போகும்போது பெரும்பாலோர் முதலில் கேட்பது, "இங்கே எந்த இரைக்கு மீன் எடுக்கும்?" என்றுதான். அதற்கு முன் தெரிய வேண்டியவை மூன்று: மீன் எந்தப் பக்கம் மேய்கிறது, அங்கே தரை எப்படி இருக்கிறது, அந்தத் தரையில் அது இயற்கையாக எதைத் தின்கிறது. இவை தெரிந்துவிட்டால் இரை பாதி முடிவாகிவிடும். தெரியாமல் போட்டால் எவ்வளவு நல்ல இரையும் மீன் வராத இடத்தில் ஊறிக் கிடக்கும். இங்கே சொல்வதெல்லாம் அடியில் மேயும் சாதாக் கெண்டைக்கும், அதே இனத்தின் கண்ணாடிக் கெண்டைக்கும் பொருந்தும். புல் கெண்டைக்கும் வெள்ளிக் கெண்டைக்கும் கணக்கு வேறு.

முதல் நாள் தூண்டில் வேண்டாம்

வீட்டிலேயே வேலையைத் தொடங்கலாம். செயற்கைக்கோள் படத்தில் ஏரியைப் பாருங்கள். பழைய ஆண்டுகளின் படங்கள் கிடைத்தால், நீர் வற்றியிருந்த காலத்துப் படத்தைத் தேடி எடுங்கள். இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கும் மேடு, பழைய ஓடை, மண்பாதை எல்லாம் அதில் வெளியே தெரியும். அணை கட்டித் தேக்கிய ஏரியில் அணைப்பக்கம் ஆழமாகவும் நீர் வந்து சேரும் பக்கம் மேடாகவும் இருக்கும். சரளை தோண்டிய பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டான ஏரி என்றால், மேடும் பள்ளமும் வரிசையாக மாறி மாறி வரும். அங்கே பத்தடி நகர்ந்தால் ஆழமே மாறிவிடும். உரிமம், தடை செய்த இரைகள், முள்ளின் வகை, எத்தனை தூண்டில் போடலாம் என்ற விதிகளையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு விடியுமுன் கரைக்குப் போய், வெளிச்சம் வந்த முதல் இரண்டு மணி நேரம் சுற்றி நடங்கள். நீர்ப்பரப்பின் பளபளப்பை வெட்டும் போலரைஸ்டு கண்ணாடி கட்டாயம். தொப்பி இருந்தால் இன்னும் நல்லது. காலைத் தட்டி வைத்து நடக்காதீர்கள். கரையின் அதிர்வு கெண்டைக்கு நன்றாகவே எட்டும். பார்க்க வேண்டியவை: மீன் துள்ளி விழும் இடம், காற்றே இல்லாமல் ஆடும் நாணல் தண்டு, சுற்றிலும் தெளிந்திருக்க ஒரு திட்டு மட்டும் கலங்கியிருப்பது.

குமிழிகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அவைதான். அழுகிய சேற்றிலிருந்து தானாகக் கிளம்பும் வாயு, ஒரே புள்ளியிலிருந்து விட்டுவிட்டு வரும், நகராது. கெண்டை சேற்றைக் கிளறும்போது பொடிக் குமிழிகள் கொத்தாக மேலே வந்து பரவும். சற்று நேரத்தில் அடுத்த கொத்து ஒன்றிரண்டு அடி தள்ளி வரும். அந்த வரிசை போகும் திசையில்தான் மீன் மேய்ந்துகொண்டு போகிறது. இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான காற்று ஒரே பக்கமாக ஒரு நாளுக்கு மேல் வீசினால், மேல்நீரின் வெப்பமும் அதில் மிதக்கும் உணவும் எதிர்க்கரையில் சேரும். அலை மோதும் அந்தக் கரைக்குக் கெண்டையும் போகும். குளிர்ந்த காற்று என்றால் காற்று மறைந்த பக்கத்தைப் பாருங்கள்.

ஈயத்தை வைத்துத் தரையைப் படிப்பது

இரண்டாம் முறை ஒரே ஒரு ராடு (தூண்டில் கோல்) போதும். பின்னல் நரம்பு, அதன் முனையில் 85 கிராம் ஈயம், முள் இல்லை. நைலான் நரம்பு இழுபட்டு நீளும். தரையின் செய்தி கைக்கு வருமுன் மழுங்கிவிடும். பின்னல் நரம்பு நீளாது, அதனால் சிறு தட்டலும் அப்படியே வரும்.

வீசியபின் ஈயம் நீரைத் தொடும் முன்பே நரம்பின் ஓட்டத்தை விரலால் நிறுத்தி, ராடை உயர்த்திப் பிடியுங்கள். நரம்பு விறைப்பாக இருக்க, ஈயம் இறங்குவதை "ஒன்று, இரண்டு" என்று எண்ணுங்கள். தரையில் பட்டதும் கைக்கு வருவது முதல் செய்தி. "டொக்" என்று கெட்டியாகத் தட்டினால் சரளை அல்லது இறுகிய களிமண். மெத்தென்று அமர்ந்தால் சேறு. தட்டலே வராமல் நரம்பு தளர்ந்தால் ஈயம் பாசியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆழம் தெரிந்த ஓர் இடத்தில் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டால், அதன்பின் எண்ணிக்கையை வைத்தே மற்ற இடங்களின் ஆழத்தை ஓரளவு மதிப்பிடலாம்.

அடுத்து, ரீலைச் சுற்றாமல் ராடை மட்டும் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தி, ஈயத்தை ஓரடி ஓரடியாக இழுங்கள். சரளையில் ராடின் நுனி தடதடவென்று நடுங்கும். களிமண்ணில் வழவழவென்று வரும். சேற்றில் முதலில் பிடித்துக்கொண்டு, விட்டதும் கனமாக ஊர்ந்து வரும். பாசியில் ராடு வளைந்துகொண்டே போய்ச் சட்டென்று விடுபடும். பாசிக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் வழவழப்பாக வந்தால் அங்கேயே நிறுத்தி இன்னும் நான்கைந்து தடவை இழுத்துப் பாருங்கள். மீன் திரும்பத் திரும்ப மேய்ந்து துடைத்து வைத்த இடமாக அது இருக்கக்கூடும். புது ஏரியில் இதைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது.

ஆழம் சரியாக வேண்டும் என்றால், ஈயத்துக்கு மேலே நரம்பில் தடையில்லாமல் ஓடும்படி ஒரு பெரிய மிதவையைக் கோத்துக்கொள்ளுங்கள். மிதவையை ஈயம்வரை இழுத்து இறக்கி, பிறகு நரம்பை 30 சென்டிமீட்டராக விடுங்கள். மிதவை மேலே தலைகாட்டும்வரை எத்தனை தடவை விட்டீர்களோ, அதை 30-ஆல் பெருக்கினால் ஆழம்.

சேறு என்று தெரிந்தபின் நல்ல சேறா கெட்ட சேறா என்று பார்க்காமல் விடக்கூடாது. ஈயத்தின் அடியில் குழி இருந்தால் அதில் மென்மையான மெழுகைத் திணித்து இறக்குங்கள். தரையின் மண் அதில் ஒட்டிக்கொண்டு வரும். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே ஆக்சிஜன் இல்லை, ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சேற்றில் கெண்டை மேயாது. அங்கே கிடக்கும் இரையும் சில மணி நேரத்தில் அதே நாற்றத்தை உறிஞ்சிவிடும். மண்வாசனை மட்டும் வீசி, நூல்போல் மெலிந்த சிவப்புப் புழு ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால், அந்த இடத்தை உடனே குறித்துக்கொள்ளுங்கள். அவை கடிக்காத கொசுவினப் பூச்சிகளின் புழுக்கள், கெண்டையின் தினசரி உணவு.

ஆழமான ஏரிகளில் இன்னொரு எச்சரிக்கை. வெயில் காலத்தில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ந்தும் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். கீழ் அடுக்கில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். ஆழத்தில் குளிர்ச்சியாக இருக்கும், மீன் அங்கேதான் ஒதுங்கும் என்று எண்ணிப் போடுகிறவர்கள் மீனே இல்லாத நீரில் காத்திருக்கிறார்கள்.

கண்டுபிடித்த இடத்தைத் தொலைக்காமல் இருக்க, கரையில் இரண்டு குச்சிகளை 12 அடி இடைவெளியில் ஊன்றி, வீசிய நரம்பை அவற்றில் சுற்றி எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். எதிர்க்கரையில் நேராகத் தெரியும் மரத்தையோ கம்பத்தையோ சேர்த்துக் குறித்தால் இருட்டிலும் அதே இடத்துக்கு வீசலாம்.

இரை: நீரின் சூடு, தரை, சின்ன மீன்

கெண்டைக்கு வயிறு என்று தனி உறுப்பு கிடையாது. உணவு நேரே குடலுக்குப் போகிறது. வாயோரம் நான்கு மீசைகள். சுவையை அவற்றாலும் உதட்டாலும் அறிகிறது. தொண்டையில் உள்ள பற்களால் நத்தை ஓட்டைக்கூட நொறுக்கும். ஆகவே கெட்டியான இரையைக் கண்டு பயப்படாது. சந்தேகம் வந்தால் வாயில் உறிஞ்சியதை அப்படியே துப்பிவிடும். இரையின் தேர்வும் முள்ளின் கட்டும் இந்த உடலமைப்பை ஒட்டித்தான் அமைய வேண்டும்.

முதலில் நீரின் சூடு. காலையில் தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டி, இரை கிடக்கப்போகும் ஆழத்தில் அளந்து பாருங்கள். 10 டிகிரிக்குக் கீழே செரிமானம் மந்தமாக இருக்கும். ஒரே ஒரு சிறிய, பளிச்சென்ற நிறமுள்ள உருண்டை (மாவைப் பிசைந்து வேகவைத்த இரை), கூடவே ஒரு சிட்டிகை இரைப்பொடி, அவ்வளவு போதும். எண்ணெய் மிகுந்த இரைகள் இங்கே வேண்டாம். குளிரில் எண்ணெய் கெட்டியாகி, மணம் நீரில் பரவாமல் நின்றுவிடும். 18 முதல் 25 டிகிரிவரை கெண்டைக்கு நல்ல பசி. மீன்தூள் சேர்ந்த உருண்டைகளும் பெல்லட்டுகளும் (அழுத்திச் செய்த தீவனக் குச்சிகள்) தானியங்களும் இந்தச் சூட்டில்தான் நன்றாக வேலை செய்யும். அதற்கும் மேலே போனால் பசியைவிட ஆக்சிஜன்தான் பிரச்சினை. 20 டிகிரி நீர் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 ஆகிவிடும். அப்போது நடுப்பகலை விட்டுவிட்டு, அலையடிக்கும் கரையில் விடியற்காலை போடுங்கள். இரையின் அளவையும் பாதியாகக் குறையுங்கள்.

அடுத்தது தரை. சரளைக்கும் களிமண்ணுக்கும் அடியில் அமரும் சாதாரண உருண்டையே போதும். சேற்றில் அது புதைந்துவிடும். அங்கே முள்ளின் எடையில் மட்டும் மெல்ல இறங்கி மேலாக அமரும் இலேசான உருண்டையைக் கட்டுங்கள், ஈயத்துக்கும் முள்ளுக்கும் நடுவிலுள்ள முள்நரம்பையும் நீளமாக்குங்கள். தாழ்ந்த பாசியின்மேல், முள்ளிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளிச் சிறு ஈயத்துணுக்கு கடித்துவிட்டு, மிதக்கும் உருண்டையைப் பாசிக்கு மேலே நிறுத்துங்கள்.

மூன்றாவது சின்ன மீன். ரொட்டி, மாவு, மண்புழு போன்ற மென்மையான இரைகள் முழுதாகக் கெண்டையிடம் போய்ச் சேர வேண்டும் என்றால் ஏரியில் பொடிமீன் தொல்லை இருக்கக்கூடாது. சந்தேகம் இருந்தால் மண்புழுவைக் கரையோரம் பத்து நிமிடம் போட்டுப் பாருங்கள். உடனே கொத்திக் குதறினால், 15 முதல் 20 மில்லிமீட்டர்வரை உள்ள கெட்டி உருண்டை, மக்காச்சோளம், கொண்டைக்கடலை என்று மாறிவிடுங்கள்.

தானியத்தை ஊறவைத்து வேகவைக்காமல் ஏரியில் கொட்டாதீர்கள். காய்ந்த தானியம் மீனின் குடலுக்குள் போய் உப்பும். மக்காச்சோளத்தை 24 மணி நேரம் ஊறவைத்து 30 நிமிடம் வேகவையுங்கள். விரலால் நசுக்கினால் உள்ளே வெள்ளையான கெட்டி மாவு இல்லாமல் நசுங்க வேண்டும். கொண்டைக்கடலைக்கும் அதே பக்குவம். நிலக்கடலையில் பூஞ்சை நஞ்சு சேரும் ஆபத்து உண்டு, பல ஏரிகளில் அதற்குத் தடையும் இருக்கிறது; விட்டுவிடுவதே நல்லது.

பாய்லி என்னும் வேகவைத்த உருண்டையை வீட்டிலேயே செய்யலாம். ரவை 200 கிராம், சோயா மாவு 150, மீன்தூள் 100, பால்பொடி 50. நான்கு முட்டையை உடைத்து அடித்து, மாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசையுங்கள். பிடிக்காவிட்டால் ஐந்தாவது முட்டை. கையில் ஒட்டாமல், உருட்டினால் வெடிக்காமல் இருப்பதுதான் பதம். 15 மில்லிமீட்டர் உருண்டைகளைக் கொதிக்கும் நீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு 90 வினாடி முதல் 2 நிமிடம்வரை வேகவைத்து, துணியில் பரப்பி 24 மணி நேரம் உலரவிடுங்கள். ஒரேயடியாக அள்ளிப் போட்டால் நீரின் கொதி அடங்கி, மேல்தோல் இறுகாமல் போகும். அதிகம் வெந்தால் ரப்பர்போல் ஆகி மணம் வெளியே வராது. கடைசியில் ஒன்றை முள்ளோடு சேர்த்துக் கண்ணாடிக் குவளை நீரில் போட்டு, ராத்திரி முழுதும் எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். ஏரியில் நடப்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை.

கெட்டி இரையை முள்ளில் நேராகக் குத்தாதீர்கள். ஹேர் ரிக் முறையில், முள்ளின் வளைவுக்குக் கீழே தொங்கும் மெல்லிய இழையில் கோத்துக் கட்டுங்கள். மீன் துப்பும்போது முள் தனியாகத் திரும்பி உதட்டில் மாட்டும். 15 மில்லிமீட்டர் உருண்டைக்கு 6-ஆம் எண் முள், இரைக்கும் வளைவுக்கும் நடுவே அரை சென்டிமீட்டர் இடைவெளி. நரம்பு அறுந்தால் ஈயம் தானாகக் கழன்றுவிடும்படி கட்டியிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மீன் அதை இழுத்துக்கொண்டே திரியும்.

முதன்முறை போடும்போது

ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றினால் ஒன்றும் தெரியாது. இரண்டு ராடு அனுமதி என்றால், முதலில் ஒரே இரையை இரண்டு இடங்களில் போடுங்கள்: ஒன்று துடைத்த திட்டில், மற்றது சிவப்புப் புழு வந்த சேற்றில். எங்கே எடுக்கிறது என்று தெரிந்தபின், அந்த இடத்திலேயே இரண்டு வகை இரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தொடக்கத்தில் ஒவ்வொரு ராடைச் சுற்றியும் 15 முதல் 20 உருண்டைகள், ஒரு கைப்பிடி தானியம். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, எடுப்பதைப் பார்த்துச் சேர்க்கலாம். ஒரு மீன் எடுத்தபின் மீண்டும் அதே அளவு போடுங்கள்.

இழுத்து எடுக்கும் இரையை ஒவ்வொரு தடவையும் கையில் வைத்துப் பாருங்கள். முழுதாக, நாற்றமில்லாமல் திரும்பினால் பெரும்பாலும் இடம்தான் தப்பு; இரையை மாற்றி நேரத்தை வீணாக்காதீர்கள். பொடிப்பொடியாகக் கொறித்திருந்தால் சின்ன மீன். இரை முழுதாக இருந்தும், ராடின் நுனி துடித்து நின்றது, முள் மாட்டவில்லை என்றால் இழையின் நீளத்தையும் முள்ளின் கூர்மையையும் பாருங்கள். நகத்தில் மெல்ல இழுத்தால் வழுக்காமல் குத்தி நிற்க வேண்டும். முள்ளில் கறுப்புச் சேறு ஒட்டி நாறினால் மூன்றடி தள்ளி வீசுங்கள். எடுத்துக்கொண்டிருந்த மீன் திடீரென்று நின்றுவிட்டால் முதலில் காற்றைப் பாருங்கள். திசை மாறியிருந்தால் மீனும் அதனோடு போயிருக்கும், ராடுகளைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போங்கள்.

வலையையும் மீனைக் கிடத்தும் பாயையும் நனைத்தபின்தான் மீனைத் தூக்க வேண்டும். வீடு திரும்பியதும் இரண்டையும் வெயிலில் முழுதாக உலர்த்துங்கள். கோய் ஹெர்பிஸ் வைரஸ் போன்ற கெண்டை நோய்கள் ஈர வலையோடு ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போகக்கூடும்; உலராத வலையோடு அடுத்த ஏரிக்குப் போகாதீர்கள்.