வேனுக்கு டீப் சைக்கிள் பெட்டரி: மூடுபனி நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்

ஹட்டனிலிருந்து ஹப்புத்தளைப் பக்கம் இரண்டு மூன்று நாள் போனால் அம்மாவும் கூட வருவார். அவருக்கு இன்சுலின் போடுகிறோம். அதற்காகவே வேனில் சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. ஆரம்பத்தில் அதை லொறி பெட்டரி ஒன்றில் ஓட்டினேன். நாலே மாதத்தில் அது செத்துவிட்டது.

காரணம் பிறகுதான் விளங்கியது. ஸ்டார்ட் பண்ணும் பெட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிக்கு நிறையக் கரண்ட் கொடுக்கும், உடனே இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஓல்டர்னேட்டர் நிரப்பிவிடும். இராத்திரி முழுக்க இறங்கி இறங்கி ஏறுவதை அது தாங்காது. அப்படி ஆழமாக இறங்கி ஏறவென்றே செய்த டீப் சைக்கிள் பெட்டரியில் தகடு தடிப்பு. லேபிளில் சிசிஏ, அதாவது குளிரில் ஸ்டார்ட் பண்ணக் கொடுக்கும் கரண்ட், மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால் அது ஸ்டார்ட் பெட்டரி. நமக்கு வேண்டியது 20 மணிநேரக் கணக்கில், அதாவது சி20 என்று, ஆம்பியர் மணி (எத்தனை ஆம்பியரை எத்தனை மணிநேரம் கொடுக்கும் என்ற பெருக்கல்) போட்டிருப்பது.

கடைக்குப் போகுமுன் கணக்குப் போடுங்கள். என் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கிறது. நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடும். அது 32 ஆம்பியர் மணி. இரண்டு எல்இடி லைட், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து இன்னும் 8. ஆக நாளுக்கு 40.

சோலார் இருக்கிறதே என்று இதோடு விட்டுவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழையில் தலவாக்கலைப் பக்கம் நாள் முழுக்க மூடுபனி இறங்கினால் கூரையில் பேனல் இருந்தும் பெரிதாக ஒன்றும் வராது. இரண்டு நாளைக்கு 80 வைத்துக்கொள்ளுங்கள். ஈய பெட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் 160 வேண்டும். நான் 100 ஆம்பியர் மணி ஏஜிஎம், அதாவது தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய ஈய பெட்டரி, இரண்டு போட்டிருக்கிறேன். தண்ணீர் ஊற்றும் பெட்டரி மலிவுதான், ஆனால் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு விடும். நாம் படுத்துத் தூங்கும் வேனுக்குள் அதை வைக்கவே வேண்டாம்.

காசு இருந்தால் லித்தியம் அயன் (இரும்பு) பொஸ்பேட் பெட்டரி வாங்கலாம். 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம், எடையும் ஏஜிஎம்மில் பாதிகூட வராது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: பூச்சியம் பாகைக்குக் கீழே அதைச் சார்ஜ் பண்ணக்கூடாது, உள்ளே பழுதாகிவிடும். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் புல்லில் உறைபனி படிவது உங்களுக்குத் தெரியும். குளிரில் சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பெட்டரிக்குள்ளேயே இருந்து அதைக் காக்கும் சர்க்கிட்) உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். ஓல்டர்னேட்டரிலிருந்து ஏற்ற, வருகிற கரண்டை அந்த பெட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிசி டிசி சார்ஜரும் வேண்டும்.

அப்புறம், ரம்பொடை வளைவுகளில் 30 கிலோ பெட்டரி சும்மா இருக்காது. பட்டி போட்டு இறுக்கிக் கட்டுங்கள். பொசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வையுங்கள்.

காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தி, ஒரு மணிநேரம் விட்டு மீட்டர் வைத்துப் பார்ப்பேன். ஏஜிஎம்மில் 12.2 வோல்ட் காட்டினால் ஏறக்குறைய பாதி முடிந்துவிட்டது. அன்றைக்கு வெயிலுக்குக் காத்திருக்காமல் வேனை எடுத்துவிடுவேன்.