கடலோர ஈரக்காற்றிலிருந்து கேமராவைக் காப்பது எப்படி?

கேமரா வைத்திருப்பவர்கள் பலரும் அது கீழே விழுந்துவிடுமோ என்று அஞ்சும் அளவுக்கு ஈரத்துக்கு அஞ்சுவதில்லை. ஆனால் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், அதிலும் வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில், பீரோவுக்குள் பத்திரமாக வைத்த கேமராவின் லென்ஸில்கூடப் பூஞ்சை பிடித்துவிடும். காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 60 சதவீதத்துக்கு மேல் இருந்து, இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்துகொண்டால், லென்ஸில் படிந்த தூசியையும் விரல் எண்ணெயையும் உண்டு பூஞ்சை வளரத் தொடங்குகிறது. அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிப்பதால், முற்றிய பூஞ்சையைத் துடைத்து எடுத்த பிறகும் தடம் நின்றுவிடக்கூடும்.

ஆகவே மாதம் ஒருமுறை லென்ஸைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். லென்ஸைக் கழற்றி, ஒரு முனையில் டார்ச் ஒளியைச் சற்றுச் சாய்வாகப் பாய்ச்சி, மறுமுனை வழியாகப் பாருங்கள். தூசி தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும். பூஞ்சையோ கண்ணாடியின் ஓரத்திலிருந்து கிளைவிட்டுப் பரவும் மெல்லிய வெண்ணிற இழைகளாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த லென்ஸை மற்றவற்றோடு வைக்காமல் தனியே எடுத்துவைத்து, தாமதிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

வராமல் தடுப்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்து வைக்கும், மின்சாரத்தில் இயங்கும் டிரை கேபினட் என்னும் பெட்டியை வாங்க இயலாதவர்கள், பாத்திரக் கடையில் கிடைக்கும், மூடி இறுக்கமாகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், ஈரத்தை உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல்லும், சிறிய ஈரப்பதமானி ஒன்றும் வாங்கினால் போதும். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் வெகுவாகக் கீழே இறங்கினால் ரப்பர் பாகங்கள் காய்ந்துபோகலாம். நீல நிற சிலிக்கா ஜெல் ஈரத்தை உறிஞ்சியதும் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நீல நிறத்தைத் தருவது கோபால்ட் குளோரைடு என்னும் நச்சுப்பொருள் என்பதால், ஆரஞ்சு நிற வகையை வாங்குவதே நல்லது. எந்த வகையாயினும், ஈரம் உறிஞ்சியதை மீண்டும் பயன்படுத்துவதற்காகச் சூடாக்கி உலர்த்தும்போது சமையல் பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. சிலிக்கா ஜெல்லுக்குப் பதிலாக அரிசியைப் போடுவோரும் உண்டு; அதன் மாவுத்தூள் லென்ஸுக்குள் புகும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; எனவே அதற்குள் வைத்து நெடுநாள் மூடிவிடக் கூடாது. துணிகளுக்கிடையே நாம் போடும் அந்துருண்டையும் கற்பூரமும் இருக்கும் இடத்தில் கேமராவை வைக்கக் கூடாது என்று நிக்கான் நிறுவனத்தின் கையேடுகளே எச்சரிக்கின்றன. நெடுநாள் எடுக்காமல் வைத்திருக்கும் கேமராவை மாதம் ஒருமுறையேனும் வெளியே எடுத்து, இயக்கி, சில படங்கள் எடுத்துப் பார்க்குமாறும் அவை கூறுகின்றன. நெடுநாள் பயன்படுத்தாதபோது பேட்டரியைப் பாதி அளவு சார்ஜுடன் கழற்றி வைப்பது அதன் ஆயுளுக்கு நல்லது.

ஏ.சி. குளிரில் இருந்த கேமராவை வெளியே எடுத்தவுடன் பையைத் திறந்தால், வெப்பமான ஈரக்காற்று பட்டு லென்ஸின் மேலும் சில வேளை உள்ளேயும் நீர் கோத்துக்கொள்ளும். கேமரா வெளி வெப்பத்துக்கு வரும்வரை, அரை மணி நேரமாவது, பையின் ஜிப்பைத் திறக்காமல் காத்திருங்கள். திருமண மண்டபத்துக்குள்ளும் வெளியிலுமாக மாறிமாறிப் படமெடுப்பவர்களுக்கு இது மிகவும் முக்கியம்.

கடற்கரையில் படமெடுத்து வந்த அன்றே, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கேமராவின் உடற்பகுதியைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்துவிடுங்கள். லென்ஸின் கண்ணாடியைத் துணியால் தொடுவதற்கு முன் ரப்பர் ஊதியால் மணலையும் தூசியையும் அகற்றியாக வேண்டும். வேட்டி நுனியாலோ சட்டை நுனியாலோ அவசரமாகத் துடைக்கையில் ஒரே ஒரு மணல்துகள் அகப்பட்டாலும் அது கண்ணாடியைக் கீறிவிடும். ஊதிய பிறகு, மைக்ரோஃபைபர் துணியில் லென்ஸ் திரவம் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி வட்டமாகத் துடையுங்கள்.

லென்ஸ் மாற்றும்போது கேமராவை அணைத்து, மின்விசிறியையும் நிறுத்தி, கேமராவில் லென்ஸ் பொருந்தும் வாய்ப்பகுதி தரையை நோக்கியிருக்குமாறு பிடித்துக்கொள்ளுங்கள். படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் தூசி இருக்கிறதா என்பதை அறிய, லென்ஸின் துளையை (அபெர்ச்சர்) எஃப் 16 அளவில் வைத்து தெளிந்த வானத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் ரப்பர் ஊதியால் ஊதலாம். அதற்கும் போகாத கறையைச் சேவை மையத்திடம் விட்டுவிடுங்கள்.